கேளுங்கள் சொல்கிறேன்: ஏழு மணி நேரக் கணக்கு

நெய்வேலியில் ரஷ்ய இன்ஜினீயர்களோடு வேலை பார்த்த காலத்தைப் பற்றிச் சென்ற இதழில் ஒருவர் கேட்டிருந்தார். பதில் எழுதும்போது போகிற போக்கில், “அவர்கள் நாட்டில் 1960-லேயே 7 மணி நேர வேலை வந்துவிட்டது” என்று ஒரு வரி போட்டேன். இந்த முறை வந்த தபால் முழுக்க அந்த ஒரு வரிக்குத்தான். ஆகவே மூட்டு வலிக்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

ஓய்வுபெற்ற ரயில் டிரைவர், ஜோலார்பேட்டை

*ஐயா, 7 மணி நேரம் என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். கூட்ஸ் வண்டியை எடுத்துக்கொண்டு போன டிரைவர் 7 மணி ஆனதும் நடு வழியில் இறங்கி வீட்டுக்கு நடந்தாரா? டியூட்டியில் கையெழுத்துப் போடும் சைன் ஆன் முதல் முடிக்கும் சைன் ஆஃப் வரை 10 மணி என்று வாங்கவே நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.*

கேள்வியிலேயே அனுபவம் தெரிகிறது. இறங்கிப் போக முடியாது என்பதால்தான் அங்கே ரயில்வேக்குத் தினக்கணக்கு வைக்கவில்லை, மாதக்கணக்கு வைத்தார்கள். மாதத்தில் எத்தனை வேலை நாள், ஒவ்வொன்றுக்கும் 7 மணி, சனிக்கிழமைக்கும் பண்டிகைக்கு முந்தின நாளுக்கும் 6 மணி. கூட்டினால் வருவதுதான் அந்த மாதத்துக்கு டிரைவரின் அளவு. ஒரு டிரிப் 5 மணியில் முடியும், அடுத்தது 11 மணிக்கு இழுக்கும். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்து, அளவுக்கு மேல் போனது ஓ.டி., அதாவது ஓவர்டைம். அவுட் ஸ்டேஷனில் டிரைவர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் ஓய்வு உண்டு. அது, செய்துவிட்டு வந்த வேலை நேரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது என்பது விதி.

இந்த மாதக்கணக்கில் இரண்டு பக்கமும் கூர் இருந்தது. சிக்னலில் நின்ற நேரமும் வேலை நேரமாகவே எழுதப்பட்டது, அது டிரைவருக்கு லாபம். ஆனால் ஒரு நாளில் எத்தனை மணி ஓட்டினாலும் மாத மொத்தத்துக்குள் அடங்கிவிட்டால் அது ஓ.டி. ஆகாது. சரக்குப் போக்குவரத்து நெருக்கும் வாரத்தில் டிரைவரைப் பிழிந்துவிட்டு, அடுத்த வாரம் வீட்டில் உட்கார வைத்துக் கணக்கை நேர் செய்துவிடலாம். நகரத்தில் டிராம், பஸ் ஓட்டுகிறவர்களுக்கு வேறு தலைவலி. காலைக் கூட்டத்துக்கு ஒரு பாதி, சாயங்காலக் கூட்டத்துக்கு ஒரு பாதி என்று ஒரே நாளை இரண்டாகப் பிரிக்கச் சட்டம் அனுமதித்தது. ஏட்டில் 7 மணி, ஆனால் விடிந்ததில் இருந்து இருட்டும்வரை ஊரைவிட்டு நகர முடியாது.

உங்களுக்குப் பிடிக்கும் என்று இன்னொன்று சொல்கிறேன். சோவியத் ரயில்வே முழுக்க மாஸ்கோ நேரம்தான். விளாதிவஸ்தோக் மாஸ்கோவுக்கு 7 மணி முந்தியது. அங்கே காலை 6 மணிக்கு டியூட்டிக்கு வருகிறவர், ரயில்வே கடிகாரப்படி முந்தின நாள் இரவு 11 மணிக்கு வந்திருப்பார்.

என்னைக் கேட்டால் ரயில்வேயில் வேலை நேரம் குறைந்ததற்குச் சட்டம் பாதிக் காரணம், நீராவி இன்ஜின் போனது மறு பாதி. நீராவி இன்ஜினில் டிரைவர், அசிஸ்டன்ட், கரி அள்ளிப் போடுகிறவர் என்று மூன்று பேர். வண்டி கிளம்பும் முன்பே நெருப்பைக் கிளறிச் சாம்பலைத் தள்ளி நீராவி ஏற்ற வேண்டும், வழியெல்லாம் தண்ணீருக்கு நிற்க வேண்டும். பிரதான லைன்களுக்கான நீராவி இன்ஜின் உற்பத்தியை 1956-ல் நிறுத்தினார்கள். 7 மணி நேரத்துக்கு மாறும் முடிவும் அதே ஆண்டுதான். டீசலும் மின்சாரமும் வந்தபிறகு இரண்டு பேர் போதும், ஒரே இன்ஜின் வெகுதூரம் போகும். மாஸ்கோவிலிருந்து பைக்கால் வரைக்கும் 1961-ல் மின்கம்பி போய்விட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், நீராவி இன்ஜினை விடவே மாட்டேன் என்று பல ஆண்டுகள் முரண்டு பிடித்தவர், ஸ்டாலினின் ரயில்வே அமைச்சராக இருந்த லாசர் ககனோவிச். வேலை நேரத்தையும் சம்பளத்தையும் சீர்செய்ய 1955-ல் போட்ட அரசுக் கமிட்டிக்கு முதல் தலைவரும் அவரே!

கல்லூரி மாணவி, சேலம்

*7 மணி நேரம் என்பது குருஷ்சேவ் கொண்டுவந்ததா? லெனின் கொண்டுவந்தது 8 மணி என்று படித்திருக்கிறேன்.*

இரண்டு தடவை வந்தது அம்மா. ஒரு தடவை வந்து, பறிபோய், ஸ்டாலினுக்குப் பின் வந்த குருஷ்சேவ் காலத்தில் மறுபடி வந்தது.

ஜார் காலத்தில் 1897-ல் போட்ட சட்டம் பகல் வேலைக்கு 11½ மணியை உச்சவரம்பாக வைத்தது. அதுவே பெரிய வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு கிடைத்த சலுகை. 1917-ல் ஆட்சியைப் பிடித்த நான்காம் நாள் 8 மணி நேர ஆணை வந்தது. இதுதான் நீங்கள் படித்தது. பத்தாண்டு நிறைவுக்காக 1927 அக்டோபரில் ஓர் அறிக்கை விட்டார்கள்: சம்பளம் குறையாமல் 7 மணி நேரத்துக்குப் படிப்படியாக மாறப் போகிறோம் என்று. 1928-ல் பஞ்சாலைகளில்தான் ஆரம்பம்.

ஏன் பஞ்சாலை? கொஞ்சம் கணக்குப் போடுங்கள். அதுவரை ஒரு தறி இரண்டு ஷிப்ட் ஓடியது, ஷிப்டுக்கு 8 மணி, ஆக 16 மணி. ஷிப்டை 7 மணியாக்கி மூன்று ஷிப்ட் ஓட்டினால் 21 மணி. ஆளுக்கு ஒரு மணி குறைகிறது, இயந்திரத்துக்கு 5 மணி கூடுகிறது. புது இயந்திரம் வாங்க அந்நியச் செலாவணி கிடையாது. வேலை கேட்டுப் பதிவு செய்து காத்திருந்தவர்கள் 10 லட்சத்துக்கு மேல். மூன்றாம் ஷிப்ட் இரண்டுக்கும் ஒரே மருந்து. பிளானிங் ஆட்களுக்கு இது எவ்வளவு இனித்திருக்கும்! ஆனால் அந்த மூன்றாம் ஷிப்டில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒரே ஆள் முன்பைவிட அதிகத் தறிகளைக் கவனிக்க வேண்டியும் வந்தது. 7 மணி நேரத்தைத் தொழிலாளிக்குத் தந்த பரிசு என்று மட்டும் எழுதுகிறவர்கள் இந்த 16-ஐயும் 21-ஐயும் எழுத மாட்டார்கள். வெறும் மோசடி என்று எழுதுகிறவர்கள், 1930-களின் ஆரம்பத்தில் தொழில்துறையின் பெரும்பகுதி நிஜமாகவே 7 மணிக்கு வந்துவிட்டதை எழுத மாட்டார்கள்.

வாசகர், காரைக்குடி

*ரஷ்யாவில் ஞாயிற்றுக்கிழமையையே ஒழித்துவிட்டார்கள் என்று என் தாத்தா சொல்வார். கட்டுக்கதையா?*

தாத்தா சொன்னது சரி. 1929-ல் யூரி லாரின் என்பவர் சொன்ன யோசனை. ஆலை ஒரு நாளும் நிற்கக் கூடாது, எனவே 4 நாள் வேலை, 5-வது நாள் ஓய்வு. எல்லோருக்கும் ஒரே நாளில் இல்லை. தொழிலாளர்களை ஐந்து கூறாகப் பிரித்து ஒவ்வொரு கூறுக்கும் ஒரு நிறம், காலண்டரில் அந்த நிறத்து நாள் உங்களுக்கு லீவு. புருஷன் மஞ்சள், பெண்டாட்டி சிவப்பு என்றால் இருவரும் வீட்டில் சேர்ந்து இருக்கும் நாளே கிடையாது. இயந்திரத்துக்கும் சொந்தக்காரன் இல்லாமல் போயிற்று. நேற்று ஓட்டினவன் இன்று இல்லை, பழுதுக்கு யாரைக் கேட்பது? 1931 கடைசியில் இதைப் பெரும்பாலும் கைவிட்டு ஆறு நாள் வாரம் வைத்தார்கள். 6, 12, 18, 24, 30 தேதிகள் எல்லோருக்கும் விடுமுறை. பிப்ரவரியில் 30 ஏது என்று அடுத்த கடிதம் வரும். மார்ச் 1-ஐ வைத்துச் சமாளித்தார்கள். ஞாயிறு திரும்ப வந்தது 1940-ல், அதற்குக் கொடுத்த விலையைக் கீழே படியுங்கள்.

பழைய தோழர், திருவாரூர்

*சோவியத் யூனியனை மட்டம் தட்டுவதற்கென்றே சிலர் எழுதுகிறார்கள். நீங்களும் அந்த வரிசையில் சேர்ந்துவிடாதீர்கள். யுத்தம் வராமல் இருந்திருந்தால் 7 மணி நேரம் நின்றிருக்கும் அல்லவா?*

தோழரே, நான் அவர்கள் சோற்றைத் தின்றவன், மட்டம் தட்ட மாட்டேன். ஆனால் தேதியைப் பாருங்கள். 1940 ஜூன் 26. ஹிட்லர் சோவியத் மண்ணில் கால் வைக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. பிரான்ஸ் விழுந்த மாதம் என்பதால் பயம் நியாயமானது, அதை ஒப்புக்கொள்கிறேன். அன்று வந்த ஆணை வேலை நேரத்தை 8 மணியாக்கியது, ஏழு நாள் வாரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது. அனுமதி இல்லாமல் வேலையை விட்டுப் போனால் 2 முதல் 4 மாதம் சிறை. காரணமில்லாமல் வராமல் போனால் 6 மாதம் வரை, அதே வேலையில் சம்பளத்தில் 25 சதவீதம் வரை பிடித்தம். 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாக வந்தாலே வராததற்குச் சமம். அந்த ஆண்டின் பிற்பாதியில் மட்டும் ஏறத்தாழ 20 லட்சம் பேர் இதில் தண்டனை பெற்றார்கள். டிராம் வராததால் தண்டனை வாங்கியவன் ஜெர்மானிய ஒற்றன் இல்லை, தோழரே.

கூடுதலாக உழைத்த நேரத்துக்குக் கூடுதல் சம்பளமும் இல்லை. நாள் சம்பளம் அப்படியே நின்றது, உருப்படிக்கு இவ்வளவு என்று தரும் பீஸ் ரேட்டை அந்த அளவுக்குக் குறைத்தார்கள். இதையெல்லாம்விட என் மனசைக் குடைகிற விஷயம் ஒன்று உண்டு. நேரத்தைக் கூட்டும்படி அரசாங்கத்தைக் கேட்டுக்கொண்டது யார் தெரியுமா? நிகோலாய் ஷ்வேர்னிக் தலைமையிலிருந்த தொழிற்சங்க மத்திய கவுன்சில்! 7 மணி நேரம் வந்ததும் மேலிருந்து, போனதும் மேலிருந்து. கொடுத்த கை எடுத்தபோது, தர மாட்டோம் என்று சொல்ல ஒரு சங்கம் இல்லை.

1941-ல் யுத்தம் வந்ததும் தினம் 1 முதல் 3 மணி கட்டாய ஓ.டி. வந்தது, லீவு ரத்தானது. 1943-ல் ரயில்வேயில் ராணுவச் சட்டமே போட்டார்கள். இதைப் பற்றி நான் குறை சொல்லவில்லை, அந்த யுத்தத்தை யாரும் 7 மணி நேரம் வேலை செய்து ஜெயித்திருக்க முடியாது. யுத்தம் முடிந்தவுடன் 1945 ஜூலையில் கட்டாய ஓ.டி.யை எடுத்துவிட்டார்கள். 8 மணி நேரம் அப்படியே நின்றது. வேலையை விட்டுப் போனால் கோர்ட் என்ற விதி முழுக்க ஒழிய 1956 ஏப்ரல் ஆகிவிட்டது.

ஷிப்ட் இன்ஜினீயர், தூத்துக்குடி

*24-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி வருகிறதே! பாய்லரை 3 மணி நேரம் யார் பார்த்துக்கொண்டது?*

வாருங்கள் தம்பி, நம் தொழில்காரர்.

நெசவாலையிலும் லேத் பட்டறையிலும் 7 மணி வீதம் மூன்று ஷிப்ட் ஓட்டி, மிச்ச 3 மணியை எண்ணெய் போட, பெல்ட் மாற்ற என்று பராமரிப்புக்கு விடலாம். உலைக்கும் பாய்லருக்கும் அது நடக்காது. அங்கே 8 மணி ஷிப்டையே வைத்துக்கொண்டு நாளைக் குறைப்பதற்குப் பதில் வாரத்தைக் குறைத்தார்கள். 1970-களின் நடுவில் என்னைப் பயிற்சிக்காக உக்ரைனில் ஓர் அனல்மின் நிலையத்துக்கு அனுப்பினார்கள். கன்ட்ரோல் ரூம் வாசலில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு அட்டவணை மாட்டியிருக்கும். இடப்பக்கம் ரஷ்ய நெடுங்கணக்கின் முதல் நான்கு எழுத்துகள், அதாவது நான்கு குழுக்கள். மேலே தேதிகள். கட்டங்களுக்குள் 1, 2, 3, ஓய்வுக்கு ஒரு சிறு குறுக்குக் கோடு. எந்த நாளைப் பார்த்தாலும் மூன்று குழு வேலையில், ஒரு குழு வீட்டில்.

16 நாள் சுற்றில் ஒரு குழு 12 நாள் வரும். 12-ஐ 8-ஆல் பெருக்கினால் 96 மணி. வாரத்துக்கு மாற்றினால் சரியாக 42. வேறு வழியிலும் பார்க்கலாம்: வாரத்தில் 168 மணி, அதை நான்கு குழு பங்குபோட்டால் 42. ஆனால் சட்டம் சொன்னது 41. எப்படி 41? ஐந்து நாள் 7 மணி, சனி 6 மணி. வாரத்துக்கு ஒரு மணி அதிகம். வருஷத்தில் 52 மணி, ஏறக்குறைய ஆறரை ஷிப்ட். அதைத் தனி ஓய்வு நாளாக அட்டவணையிலேயே செருகியிருப்பார்கள், அந்தக் கட்டத்துக்கு வேறு நிறம். அந்த நாளில் ஆளை மாற்ற ஒரு ரிலீவர் தேவை. ஒவ்வொரு பாய்லர் ஆபரேட்டருக்கும் வருஷத்துக்கு ஆறரை நாள் ரிலீவர் என்றால் மொத்த நிலையத்துக்கு எத்தனை ஆள் கூடுதல் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். 7 மணி நேரத்துக்கான நிஜச் செலவு அந்த நிறம் மாறிய கட்டங்களில்தான் ஒளிந்திருந்தது.

இந்த மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. 1956 மார்ச்சில் சனிக்கிழமையை மட்டும் 6 மணியாக்கினார்கள், வாரம் 48-லிருந்து 46-க்கு வந்தது. பிறகு நிலக்கரி, இரும்பு எஃகு என்று துறை துறையாக நகர்ந்தார்கள். 1960 மே மாதம் அவர்கள் நாடாளுமன்றமான உச்ச சோவியத் சட்டம் போட்டு, அந்த ஆண்டுக்குள் அனைவருக்கும் முடிக்கச் சொன்னது. அப்போது அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள் 6 கோடிக்கு மேல். அத்தனை பேரின் வேலை வாரம் சில ஆண்டுகளில் 48-லிருந்து 41-க்கு இறங்கியது. இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு நகர எனக்கு மனசு வரவில்லை.

மில் தொழிலாளி, கோவை

*நேரம் குறைந்தால் கூலி குறையும். அதுதானே உலக வழக்கம்?*

மாதச் சம்பளக்காரருக்குக் குறையவில்லை. பீஸ் ரேட்டுக்காரருக்குத்தான் கதை சிக்கல். 1950-களின் நடுவில் அங்கே அடிப்படைக் கூலி மிகக் குறைவு, அதற்காக முடிக்க வேண்டிய வேலை அளவும் மிகக் குறைவு. எல்லோரும் அளவைவிட ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு செய்ததாக எழுதித்தான் குடும்பம் நடத்தினார்கள். 7 மணிக்கு மாறும்போதே அரசாங்கம் இதையும் சேர்த்துச் சரிசெய்தது: அடிப்படைக் கூலியை உயர்த்து, அளவையும் உயர்த்து. அளவுக்கு மேல் செய்யச் செய்ய ஏறிக்கொண்டே போகும் ரேட்டைப் பெரும்பாலான இடங்களில் எடுத்துவிட்டார்கள். கூட்டிக் கழித்தால் குறைந்த கூலிக்காரர்கள் லாபம் பார்த்தார்கள், நல்ல கைவேலைக்காரர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். எட்டு மணியில் செய்ததை ஏழு மணியில் செய் என்பதுதான் அளவை உயர்த்தியதன் அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

வாசகர், புதுச்சேரி

*7 மணி நேரத்துக்கு மேல் ஓ.டி. வாங்க முடியாதா?*

விதிப்படி அடுத்தடுத்த இரண்டு நாளில் 4 மணி, வருஷத்துக்கு 120 மணி, அதுவும் சங்கக் கமிட்டி கையெழுத்துப் போட்டால்தான்.

அங்கே படித்த மருத்துவர், மதுரை

*நான் அங்கே இருந்தபோது ஆலைகள் 8 மணி 12 நிமிடம் வேலை செய்தன. நீங்கள் 7 என்கிறீர்கள். அந்த 12 நிமிடம் எங்கிருந்து வந்தது?*

டாக்டர், நீங்கள் 1967-க்குப் பிறகு போயிருப்பீர்கள். புரட்சியின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி அந்த ஆண்டு மார்ச்சில் ஐந்து நாள் வாரத்துக்கு மாற முடிவெடுத்தார்கள். மொத்தம் அதே 41 மணிதான். 41-ஐ ஐந்தால் வகுத்தால் 8 மணி 12 நிமிடம். சாப்பாட்டு நேரம் இதில் சேராது. சனிக்கிழமை 6 மணி வேலைக்காக ஆறாம் தடவை பஸ் ஏறி, இயந்திரத்தைச் சூடாக்கி, மதியம் அணைத்துவிட்டு வருவது யாருக்கும் பிரயோஜனமில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

12 நிமிடம் என்பது ஷிப்ட் போடுகிறவருக்குப் பெரிய இம்சை. ஆகவே பல இடங்களில் தினம் சுத்தமாக 8 மணி வேலை, வாரத்துக்குக் கடனாக நிற்கும் ஒரு மணியை எட்டு வாரம் சேர்த்து ஒரு சனிக்கிழமையாகக் கழிப்பது என்று வைத்துக்கொண்டார்கள். இது சட்டபூர்வமான சனி. சட்டத்தில் இல்லாத சனி ஒன்று உண்டு, அதற்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் கருப்புச் சனி.

எங்கள் மின் நிலையத்தை ஒட்டி ஒரு பழுதுபார்க்கும் பட்டறை இருந்தது. மாத ஆரம்பத்தில் போனால் லேத் ஓரமாக நான்கு பேர் டொமினோ விளையாடிக்கொண்டிருப்பார்கள். சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள், வார்ப்பு வந்து சேரவில்லை. வார்ப்பு வார்க்கிற ஆலைக்குக் கச்சா இரும்பு வரவில்லை, இரும்பை ஏற்ற வேகன் கிடைக்கவில்லை. 20 தேதி வாக்கில் எல்லாம் மொத்தமாக வந்து இறங்கும். மாத பிளான் 30-க்குள் முடிய வேண்டும், இல்லையென்றால் டைரக்டர் முதல் கூட்டுகிறவர் வரை போனஸ் போச்சு. போர்டில் சிவப்பு மையால் எழுதிவிடுவார்கள்: வரும் சனி வேலை நாள். ஓ.டி. கணக்கில் ஏற்றினால் வரம்பு தாண்டும், சங்கத்தைக் கேட்க வேண்டும். எனவே மாஸ்டர், நம் ஊரில் சூப்பர்வைசர், தன் சட்டைப் பையிலிருக்கும் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். பதிலுக்கு ஒரு நாள் லீவு. தொழிலாளிக்கும் அதில் ஒரு ருசி இருந்தது. அப்படிச் சேர்த்த நாட்களை வைத்துக்கொண்டு செப்டம்பரில் உருளைக்கிழங்கு தோண்டப் போய்விடுவார். சாமி வரம் கொடுத்தது, பூசாரிதான் சின்ன நோட்டு வைத்திருந்தார்.

சம்பளமில்லாச் சனியும் ஒன்று உண்டு, அதன் பிறப்பிடமே ரயில்வே. 1919 ஏப்ரல் 12, சனிக்கிழமை இரவு, மாஸ்கோ-கசான் ரயில்வேயின் மாஸ்கோ டிப்போவில் 15 பேர் இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை உழைத்து மூன்று இன்ஜின்களைப் பழுதுபார்த்தார்கள். உள்நாட்டுப் போர் நேரம், இன்ஜின் இல்லாமல் படை நகராது. அந்தப் பதினைந்து பேரை நான் கும்பிடுவேன். அரை நூற்றாண்டு கழித்து, லெனின் பிறந்தநாளை ஒட்டி வருஷா வருஷம் நாடு முழுக்க அதைச் செய்ய வைத்தபோது அது வேறு ஒன்றாகிவிட்டது. நானும் ஒரு தடவை துடைப்பத்தோடு போனேன். பெருக்கியதைவிடப் பேசியது அதிகம்.

ஆசிரியை, நாகர்கோவில்

*மிச்சமான அந்த நேரத்தைப் பெண்கள் என்ன செய்தார்கள்? இதை யாரும் எழுதுவதில்லை.*

எழுதியிருக்கிறார்கள், அதுவும் அவர்களே. 1920-களில் ஸ்ட்ரூமிலின் என்ற பொருளாதார அறிஞர் தொழிலாளர் குடும்பங்களில் 24 மணி நேரமும் எப்படிக் கழிகிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார். உலகத்தில் இப்படிக் கணக்கெடுத்தவர்களில் முந்தியவர் அவர். ஆலையில் ஆணும் பெண்ணும் ஒரே நேரம் உழைக்கிறார்கள், வீட்டுக்கு வந்தபிறகு பெண்ணுக்கு இன்னொரு ஷிப்ட் என்பது அதிலேயே வந்துவிட்டது. 1960-களில் மறுபடி கணக்கெடுத்தபோதும் இந்தச் சங்கதி அதிகம் மாறவில்லை. ஆண்களுக்கு மிச்சமானது மீன்பிடிக்கவும் தபால்வழிக் கல்விக்கும் போயிற்று என்றால், பெண்களுக்கு மிச்சமானதில் ஒரு நல்ல பகுதி கியூவில் போயிற்று. எங்கள் லேபில் வேலை செய்த அம்மாள்கள் எல்லோர் கைப்பையிலும் மடித்த வலைப் பை ஒன்று இருக்கும். வழியில் எங்கே கியூ தென்பட்டாலும் முதலில் நின்றுவிட்டு, பிறகுதான் என்ன விற்கிறார்கள் என்று கேட்பார்கள். கடைகளில் பொருள் ஒழுங்காகக் கிடைத்திருந்தால் அவர்களுக்கு நேரம் மிச்சமாகியிருக்கும். சட்டசபை கூட்ட வேண்டியதே இல்லை.

தொழிற்சங்கக்காரர், திருப்பூர்

*6 மணி நேரமாகக் குறைப்போம் என்று குருஷ்சேவ் அறிவித்தாரே, அது ஏன் நடக்கவில்லை?*

1961-ல் கட்சியின் புது வேலைத்திட்டம் சொன்னது: பத்தாண்டுக்குள் 6 மணி நேர நாள், அல்லது இரண்டு விடுமுறையோடு 35 மணி நேர வாரம். சுரங்கத்துக்கு 5 மணி, அல்லது வாரம் 30 மணி. அந்தப் பத்தாண்டு முடிந்தபோதும் 41-தான். 1977 அரசியல் சட்டத்தில் 41-ஐயே உச்சவரம்பாக எழுதி வைத்தார்கள். 40 வந்தது 1991-ல் ரஷ்யக் குடியரசின் சட்டத்தில், சோவியத் யூனியன் கலைய எட்டு மாதம் இருக்கும்போது.

காரணம் கேட்டால் பலர் ராணுவச் செலவைச் சொல்வார்கள், அது உண்மை. நான் பார்த்த காரணம் இன்னும் சின்னது. 1928-ல் வேலை கேட்டு வரிசை நின்ற நாட்டில் 1970-களில் ஆலை வாசலுக்கு வாசல் ‘ஆட்கள் தேவை’ பலகை தொங்கியது. டைரக்டருக்கு மாதக் கடைசி நெருக்கடியைச் சமாளிக்கக் கைவசம் ஆள் வேண்டும், அதனால் தேவைக்கு மேல் ஆள் வைத்துக்கொள்வார். மாத ஆரம்பத்தில் அவர்கள் டொமினோ விளையாடுவார்கள். எல்லா டைரக்டர்களும் இதையே செய்தால் நாட்டில் ஆள் பஞ்சம் வராமல் என்ன செய்யும்? ஆள் பஞ்சம் இருக்கும்போது நேரத்தைக் குறைக்கத் திட்டக் கமிஷன் ஒப்புமா? 41-ஐ 35 ஆக்கும் அளவுக்கு நேரம் அந்த ஆலைகளுக்குள்ளேயே கொட்டிக் கிடந்தது, அதைப் பொறுக்கி எடுக்கத்தான் யாராலும் முடியவில்லை.

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, நெய்வேலி

*நம்முடையது திறந்தவெளிச் சுரங்கம். அங்கே பூமிக்கடியில் 6 மணி நேரம்தான் என்று கேள்விப்பட்டேன். கீழே இறங்கிப் போகிற நேரமும் சேர்த்தா?*

சேர்க்காமல். 1956-ல் சுரங்கத்துக்கு 6 மணி என்று முடிவான நாளிலிருந்து இந்தக் கேள்வி இருந்தது. குழி வாயில் கூண்டில் ஏறிக் கீழே இறங்கி, அங்கிருந்து சின்ன ரயிலிலும் நடந்தும் கரி வெட்டும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். திரும்பவும் அதே தூரம். பழைய சுரங்கமாக இருந்தால் கரி முகம் வருஷா வருஷம் தள்ளிக்கொண்டே போகும், போக வர நேரமும் நீளும். கூலிக் கணக்கில் அந்த நேரத்துக்கு இடமில்லை.

1989 ஜூலையில் சைபீரியாவின் குஸ்பாஸ் நிலக்கரிப் பகுதியில் மெஷ்துரெச்சென்ஸ்க் என்ற ஊரில் இரவு ஷிப்ட் முடித்து ஏறி வந்தவர்கள் விளக்கையும் உபகரணத்தையும் திருப்பிக் கொடுக்க மறுத்து உட்கார்ந்தார்கள். சில நாட்களில் உக்ரைனின் தொன்பாஸ் நிலக்கரிப் பகுதி வரைக்கும் பரவியது. அவர்கள் கேட்டவை: குளிக்கச் சோப்பு, இரவு ஷிப்டுக்கும் சாயங்கால ஷிப்டுக்கும் கூடுதல் கூலி, ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் ஒன்றாக லீவு, குழி வாயிலிலிருந்து கரி முகம் வரை போகும் நேரத்துக்குச் சம்பளம். ஆகஸ்டில் அரசாங்கம் பெரும்பாலானவற்றுக்கு ஒப்புக்கொண்டு உத்தரவு போட்டது. போக வர நேரத்துக்கான கூலியும் அதில் இருந்தது.